இந்த ஊரில் ஏது குளிர்?

எங்கள் பக்கத்தில் குளிர் என்று ஒன்று கிடையாது என்பது என் கட்சி. வெயில் உண்டு, புழுக்கம் உண்டு, மழை கொஞ்சம் கூடிப்போனால் வீட்டுக்குள் தண்ணீர் உண்டு. குளிர் மட்டும் கிடையாது. மார்கழி மாதம் தாம்பரத்தை ஒட்டிய எங்கள் முடிச்சூர் சாலையில் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். பால் பாக்கெட் வாங்கப் போவதற்கு இமயமலை ஏறுகிற வேஷம் எதற்கு என்று மனைவியிடம் கேட்பேன். அவள் தலையிலும் ஒரு ஸ்கார்ஃப் இருக்கும்.

நான் மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். ஒரு பாகம் சரியாக இருக்கிறது என்று யார் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டேன். அளந்து பார்ப்பேன். அளவு சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. ரிட்டயர் ஆன அன்றைக்கு அந்தப் புத்தியையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்திருக்கலாம். நான் அதை வேலையில் இருக்கும்போதே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

"ஏங்க, குளிருதுங்க. ஃபேனைக் கொஞ்சம் குறைங்களேன்" என்பாள் மனைவி.

நான் போனை எடுத்துக் காட்டுவேன். "பாரு, இருபத்தாறு டிகிரி. இது குளிரா? இந்த ஊர்ல ஏது குளிர்?"

அவள் திரையைப் பார்ப்பாள். அதில் இருபத்தாறு என்றுதான் இருக்கும். போர்வையைக் காதுவரை இழுத்து மூடிக்கொள்வாள். ஃபேன் அதே வேகத்தில் ஓடும். இப்படி நாலு வருஷம் ஓடியது.

எங்களிடம் ஒரு பழைய டீசல் வண்டி இருந்தது. எட்டுப் பேர் உட்காரலாம். வீட்டில் இருந்ததோ நாங்கள் இரண்டே பேர். ரெண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை. எனக்கு அந்த எஞ்சின் பிடித்திருந்தது, வாங்கினேன், அவ்வளவுதான். 2015 வெள்ளத்தில் எங்கள் தெரு மூழ்கியபோது அந்த வண்டி ஸீட் மட்டத்துக்குத் தண்ணீரில் மூன்று நாள் நின்றது. மாடியிலிருந்த எங்களைப் படகில் வந்து இறக்கினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு, மேற்குத் தாம்பரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய் வந்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். எஞ்சினைப் பிரித்து, சேற்றைக் கழுவி, மூன்று வாரத்தில் ஓட வைத்தார். நான் தினமும் போய்ப் பக்கத்தில் நின்று அவர் உயிரை எடுத்தேன். அந்த மனுஷன் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

கடைசி நாள் அவர் கையில் ஒரு கறுத்த ஒயரை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், இது ஹீட்டர் பிளக் லைனு. தண்ணில ரிலே பூட்ச்சி."

டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டியைப் போலத் தீப்பொறி கிடையாது. உள்ளே வரும் காற்றை இறுக்கி அமுக்கினால் சூடு பிறக்கும். அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஜில்லிட்டுக் கிடந்தால் அமுக்கின சூடு போதாது. அதற்காக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விரல் அளவுக்கு ஒரு கம்பி வைத்திருப்பார்கள். சாவியைத் திருப்பியதும் அது சில விநாடி பழுத்து உள்ளே வெதுவெதுப்பாக்கும். அதுதான் ஹீட்டர் பிளக். அது பழுக்கும் நேரம் டேஷ்போர்டில் சுருள் கம்பி போல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்தக் கம்பிகளுக்குக் கரண்டை அனுப்பும் சுவிட்ச்தான் ரிலே.

"புச்சு போட்லாம்," என்றார் பாய். "ஆனா இன்னாத்துக்கு சார்? ஊட்டி, கொடைக்கானல் வண்டின்னா வேணும். மெட்ராஸ்ல ஏது சார் குளிரு? நான் நம்ம கஸ்டமர் வண்டி எல்லாத்துலயும் கட் பண்ணி வுட்டுகினுதான் கீறேன். ஒண்ணும் ஆவல."

அவர் சொன்னது பொய்யில்லை. தாம்பரத்தில் ஓடும் பழைய டீசல் வண்டிகளின் பானெட்டைத் திறந்து பார்த்தால் பாதியில் அந்த ஒயர் நறுக்கித்தான் இருக்கும். எனக்கோ, என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். "கட் பண்ணுங்க பாய்" என்றேன். அன்று வீட்டுக்கு வந்து அவளிடம் பெருமையாகச் சொன்னேன்: "பாரு, வண்டிக்கே இந்த ஊர்ல ஹீட்டர் தேவையில்லைன்னு மெக்கானிக்கே சொல்லிட்டார்." அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள்.

எட்டு வருஷம் வண்டி ஓடியது. முதல் வருஷங்களில் செல்ஃபைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். பிறகு மார்கழி காலைகளில் இரண்டு சுற்று, மூன்று சுற்று கேட்டது. எஞ்சினுக்கும் வயது ஏறுகிறதல்லவா, அமுக்கும் பலம் குறையும். வருஷத்துக்கு ஒரு சுற்று கூடிக்கொண்டே போனது. அளவைக் குறித்து வைக்கிற ஆசாமியான நான் அதை மட்டும் குறித்து வைக்கவில்லை.

அந்த வருஷங்களில்தான் அவள் கால் வீங்க ஆரம்பித்தது. உப்பைக் குறை என்றேன். மாடிப்படி ஏறினால் நின்று நின்று ஏறினாள். வயசாகுது என்றேன். கடைசியில் ஒரு நாள் சமையலறையில் தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தன.

"எத்தனை நாளா இந்தக் களைப்பு, குளிர்ற மாதிரி இருக்கறது எல்லாம்?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"நாலு வருஷமா இருக்கும் சார். வீட்ல சொல்லிக்கிட்டுதான் இருந்தேன்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிறுநீரகம் கெடக் கெட ரத்தம் குறையும், ரத்தம் குறைந்தால் உடம்பில் சூடு தங்காது, வெளியே எத்தனை டிகிரி என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாகச் சொன்னார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க, ரத்தம் பரிசோதிக்கப் பயன்படுத்துகிற மிஷின் என்ன மாடல் என்று எதையோ கேட்டேன்.

அதிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சென்டர் ராஜகீழ்ப்பாக்கத்தில். முடிச்சூரிலிருந்து கிளம்பி, தாம்பரத்தில் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருப்பாள். மிஷின்களுக்காக ஏசி கடுமையாக ஓடும். அவள் எப்போதும் ஒரு வெந்நீர்ப் பையைக் கொண்டுபோவாள். சிவப்பு ரப்பர் பை. என் பழைய நீல யூனிஃபார்ம் சட்டையை வெட்டி அதற்கு அவளே ஓர் உறை தைத்திருந்தாள். சட்டைப் பாக்கெட்டைக்கூட வெட்டாமல் உறையின் மேலேயே விட்டிருந்தாள். ஒரு கையில் குழாய் செருகியிருக்கும். இன்னொரு கை அந்தப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருக்கும்.

நான் சொல்ல வந்தது ஒரு போகியன்று காலையில் நடந்ததை.

பொங்கலுக்கும் மறுநாளுக்கும் சென்டர் விடுமுறை. ஆகவே எல்லோரையும் போகியன்றே முடித்துவிட முறையை முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அவளுக்குக் காலை ஐந்தரை. "கால் மணி நேரம்தான் சார் பார்ப்போம். அதுக்கு மேல லேட்டானா சேரை அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவோம். அப்புறம் மூணு நாள் கழிச்சுத்தான்" என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். முந்தின இரவே மனைவியால் படுக்க முடியவில்லை. உடம்பில் தண்ணீர் ஏறி மூச்சில் களகளவென்று சத்தம் வந்தது. மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருந்தாள். மூன்று நாள் தாங்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நாலே முக்காலுக்கு வெளியே வந்தால் தெருவையே காணோம். பனியும் புகையும் கலந்து சுவர் மாதிரி நின்றது. போகி என்றால் எங்கள் தெருவில் மூன்று மணிக்கே கொளுத்த ஆரம்பித்துவிடுவார்கள். கிழிந்த தலையணை, தேய்ந்த துடைப்பம், கூடாது கூடாது என்று எத்தனை சொன்னாலும் டயர். எங்கேயோ மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பின் ஸீட்டில் உட்கார வைத்து, பையை மடியில் கொடுத்து, சாவியைத் திருப்பினேன்.

கொர்... கொர்... கொர்... எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை பிடித்துவிடும் என்று நிச்சயமாக நினைத்தேன்.

எதிர்வீட்டுக்காரர் கேட்டருகில் எரித்துக்கொண்டிருந்தார். எங்கள் மனை இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நெல் போட்டவர். இப்போது மெயின் ரோட்டில் நாலு கடை வாடகைக்கு விட்டிருக்கிறார், ஒரு லோடு ஆட்டோவும் வைத்திருக்கிறார்.

"இன்னா சார், போகிக்கு அந்த வண்டியையும் இதுல தள்ளிடலாமா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். பின் ஸீட்டில் அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அக்காவுக்கு இன்னிக்கா? நான் இட்டுனு போறேன் சார். கரும்பு எடுக்க மார்க்கெட்டுக்குத்தான் போய்கினு கீறேன். முன்னாடி என் பக்கத்துல உக்காரட்டும், சென்டர்ல வுட்டுட்டுப் போறேன்."

"வேணாங்க. ரெண்டு நிமிஷம். இதோ ஸ்டார்ட் ஆயிடும்."

"நான் அவரோட போறேங்க" என்றாள் அவள், பின்னாலிருந்து.

"லோடு ஆட்டோவிலயா? ரோடு இருக்கற லட்சணத்துக்குக் குடல் வெளிய வந்துடும். பேசாம உக்காரு."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி சார், வேணும்னா போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். லோடு ஆட்டோவின் பின்விளக்கு பத்தடி போனதும் புகையில் மறைந்தது. அந்தப் பத்தடிக்குள் கூப்பிட்டிருக்கலாம். கௌரவம் என்று கூட அதைச் சொல்ல முடியாது. என் எஞ்சின் என்னைக் கைவிடாது என்ற பிடிவாதம்.

இன்னும் ஆறேழு தடவை முயன்றுவிட்டு டாக்சிக்குத் தேடினேன். பொங்கலுக்கு ஓட்டுநர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவர் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு இரண்டாவது நிமிஷம் ரத்து செய்தார். எதிர்வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மணி அவர் வீட்டுக்குள்ளேயே அடித்தது, போனை வைத்துவிட்டுப் போயிருந்தார். ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு மெக்கானிக் பாயைக் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் அவர் தொழுகைக்குக் கிளம்பியிருப்பார் என்று தெரியும்.

"இன்னா சார் இவ்ளோ காலைல?"

சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பதறாத சார். ஒண்ணொண்ணா பாப்போம். ஹெட்லைட்ட போட்டுகினு செல்ஃப் அடி. லைட்டு செத்துப் போவுதா?"

"கொஞ்சம் மங்குது. ரொம்ப இல்ல பாய்."

"அப்ப பேட்டரி கீது. டீசல் ஃபில்டர் மேல ஒரு பம்ப் கீதுல்ல, அத்த கட்ட விரலால அமுக்கிகினே இரு. கல்லு மாதிரி ஆவுதா பாரு."

போனை வாயில் கவ்வாத குறையாக வைத்துக்கொண்டு அமுக்கினேன். இருபது தடவையில் கெட்டியாகிவிட்டது.

"அப்ப லைன்ல காத்து இல்ல. இப்ப பொக பாக்கணும் சார். செல்ஃப் அடிக்க சொல்லோ சைலன்சர்ல பொக வருதா? வந்தா இன்னா கலரு?"

செல்ஃப் அடிக்க ஓர் ஆள், பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். பையை ஸீட்டில் வைத்துவிட்டு, வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் நடந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

சாவியைத் திருப்பினேன். "தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலைங்க. எல்லாமே பொகையாத்தானே இருக்கு."

"நல்லா குனிஞ்சு பாரு!"

குனிந்திருக்கிறாள். சைலன்சர் வாயருகே கையையும் நீட்டியிருக்கிறாள். "கையில ஈரமா படுதுங்க. வெள்ளையா இருக்கு. கண்ணெல்லாம் எரியுது" என்றாள். பிறகு இருமினாள். நிற்கவே இல்லை அந்த இருமல். நான் இறங்கிப் போய்ப் பிடித்துக்கொண்டுவந்து உட்கார வைத்தேன். அவள் கை சில்லென்று இருந்தது, டீசல் வாடை அடித்தது.

"வெள்ளைப் பொகை பாய்."

"வெள்ளைன்னா டீசல் உள்ள போவுது, எரியாம வெளிய வருது. சூடு பத்தல சார்." போனில் பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்டது. "ஹீட்டர் பிளக்க நாம கட் பண்ட்டமே."

"நான்தான் பாய் கட் பண்ணச் சொன்னேன்."

"நானுந்தான் சார் சொன்னேன்."

தொழுகைக்கு நேரமாகிறதே என்றேன். "அல்லா பாத்துப்பாரு, அக்காவ கூட்டினு போவணும்ல" என்றார். வீட்டில் தண்ணீர் மோட்டாருக்கு வாங்கிய கெட்டியான ஒயர் மிச்சம் இருந்தது. ஒரு முனையைப் பேட்டரியில் வைத்து, மறு முனையை ஹீட்டர் பிளக்குகளின் தலையில் தொடச் சொன்னார். உயிர் இருந்தால் பொறி பறக்கும். நாலிலும் தொட்டேன். ஒன்றிலும் பறக்கவில்லை. எட்டு வருஷம் யாரும் சீந்தாமல் கிடந்து செத்துப்போயிருந்தன.

"அப்ப ஒரே வழிதான். காத்து உள்ள போற அலுமினிய கொழா கீதுல்ல, அத்த சூடு பண்ணணும். சுடுதண்ணில துணிய நனைச்சி சுத்து. சூடான காத்து உள்ள போனா புடிச்சிக்கும்."

தண்ணீர் வைக்க உள்ளே ஓடத் திரும்பினேன். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கையில் வெந்நீர்ப் பை.

"இத வைங்க. கெளம்பறப்ப ஊத்தினது, இன்னும் நல்ல சூடா இருக்கு."

நான் யோசிக்கவே இல்லை. வாங்கினேன், குழாயின் மேல் உறையோடு வைத்து அழுத்தினேன், மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். சாக்கை மட்டும் உருவிப் போட்டுவிட்டு ஓடிப்போய் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது தடவை ஒரு சிலிண்டர் இருமியது. மூன்றாவது தடவை இரண்டு. பிறகு வண்டியே உடைந்துவிடும்போல உதறிக்கொண்டு நாலும் பிடித்தது.

"ஸ்டார்ட் ஆயிடுச்சு பாய்!" என்று கத்தினேன். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன். பானெட்டை அறைந்து மூடிவிட்டுக் கிளம்பினேன். மணி ஐந்து முப்பத்தெட்டு.

புகைக்குள் பத்து அடிக்கு மேல் தெரியவில்லை. ஊர்ந்து ஊர்ந்து போனேன். மேம்பாலத்தருகே ரப்பர் கருகும் வாடை மூக்கைத் துளைத்தது. "கழுதைங்க, டயரை எரிக்காதன்னா கேக்குதுங்களா?" என்று திட்டினேன். ராஜகீழ்ப்பாக்கம் வரை அந்த வாடை கூடவே வந்தது. வழியெல்லாம் எரிப்பவர்களைத் திட்டிக்கொண்டே போனேன்.

சென்டரில் நாங்கள் மாடி ஏறியபோது மணி ஆறு இருபது. அவள் நாற்காலியில் வேறு ஒருவர் சாய்ந்திருந்தார். குழாயெல்லாம் மாட்டியாகிவிட்டது. நர்ஸ் மேல் தப்பில்லை, அவள் மூன்று தடவை எனக்குப் போன் செய்திருக்கிறாள். நான் பாயுடன் பேசிக்கொண்டிருந்தேன். "பதினோரு மணிக்கு ஒரு சேர் காலியாகும் சார். இன்னைக்குச் சீக்கிரம் மூடறோம், ரெண்டு மணி நேரம்தான் போட முடியும். உக்காருங்க" என்றாள்.

காத்திருக்கும் ஹாலிலும் ஏசி. அவளை உட்கார வைத்தேன். சற்று நேரம் கழித்து, "பை எங்கங்க?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கீழே போய் பானெட்டைத் திறந்தேன். பை சரிந்து, புகை வெளியேறும் சூட்டுக் குழாயின் மேல் விழுந்து, உருகி வழிந்து ஒட்டியிருந்தது. தண்ணீரெல்லாம் எப்போதோ ஆவியாகியிருக்கும். நீல உறையில் சட்டைப் பாக்கெட் இருந்த மூலை மட்டும் எரியாமல் மிச்சம் இருந்தது. வழியெல்லாம் வந்த வாடை அதுதான்.

மேலே போய், "உருகிப் போச்சும்மா" என்றேன்.

தலையை ஆட்டினாள். பிறகு, கோபமே இல்லாமல், ஏதோ ஞாபகம் வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்: "வண்டிக்குச் சூடு பத்தலைன்னு பாய் போன்ல சொன்னதுமே நம்பிட்டீங்க."

அவள் திட்டியிருக்கலாம். முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். ஏசியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன், மிஷினுக்கு வேண்டும் என்றார்கள். வண்டி ஸீட்டில் கிடந்த துண்டைக் கொண்டுவந்து போர்த்தினேன். பதினோரு மணிவரை அதைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். போன் திரையை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. பாதித் தண்ணீரை எடுத்து, மீதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பொங்கலன்று எங்கள் வீட்டில் அடுப்பில் கஞ்சிதான் வைத்தேன்.

மாட்டுப்பொங்கலன்று பாய் அவராகவே வந்தார். நாலு புது ஹீட்டர் பிளக், புது ரிலே, புது ஒயர். தெருவில் வைத்தே மாட்டினார். சாவியைத் திருப்பச் சொன்னார். அந்த மஞ்சள் விளக்கு எட்டு வருஷத்துக்குப் பிறகு எரிந்தது, அணைந்தது. தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"இந்த ரப்பர சொரண்டி எடுத்துடட்டா சார்?"

"இருக்கட்டும் பாய்."

இப்படி வண்டிக்கு மூன்றாம் நாளே சூடு வந்துவிட்டது. அவளுக்குப் புது வெந்நீர்ப் பை வாங்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. அவள் தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். சமாளித்துக்கொள்கிறாளே என்று நான் விட்டுவிட்டேன். மெடிக்கல் ஷாப் எங்கள் தெருமுனையில் இருக்கிறது.

மே மாதம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தப் போகிக் காலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இதயம் பலவீனமாகிவிட்டது என்றார் டாக்டர். நான் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கத்திரி வெயில். வார்டில் மின்விசிறிகள் அனல் காற்றைத்தான் இறைத்தன. மத்தியானம் கண்ணைத் திறக்காமலே, "குளிருது" என்றாள். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா காதிலும் விழுந்தது. நல்ல பெண்மணி. சிரித்துவிட்டாள்.

"இந்த வெய்யில்லயா அக்கா? நாங்களே வெந்துகினு கீறோம். இந்த ஊர்ல ஏது குளிரு?"

என் சட்டைப் பையில் போன் இருந்தது. நாற்பது, நாற்பத்தொன்று என்று காட்டியிருக்கும். நான் எடுக்கவில்லை.

"அவளுக்குக் குளிருதுன்னா குளிருது. ஒரு போர்வை குடுங்கம்மா" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆயாம்மா பயந்துபோய் ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுவந்தாள். இரண்டையும் போட்டுக் காதுவரை இழுத்து மூடினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று கேட்க நினைத்தேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மறுநாள் விடியற்காலையில், வெந்நீர்ப் பையை எடுத்துவர வண்டியில் வீட்டுக்கு வந்தேன். தண்ணீரை அடுப்பில் வைத்தேன். அது கொதித்துக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு வைத்தேன். அடுப்பை அணைத்தேன். பிறகு அந்தத் தண்ணீரைப் பையில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, எடுத்துக்கொண்டுதான் போனேன்.